குறவஞ்சிக்குப் புது மேடை தந்தவர்: ருக்மிணி தேவி அருண்டேல்

(பழைய மாணவி ஒருவர், வைத்தியர், 1999 உயர்தரப் பிரிவு)

1994ஆம் ஆண்டு எமது பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் நான் சிங்கனாக ஆடினேன். ஒன்பதாம் ஆண்டில் உயரமான பிள்ளை என்பதைத் தவிர அந்த வேடத்துக்கு எனக்கு வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை. கரியால் மீசை வரைந்து, கிழிந்த பூப்பந்து வலையொன்றைக் குருவி பிடிக்கும் வலையாகத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்றேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேடையின் இரு பக்கமும் பெற்றோமாக்ஸ் இரைந்துகொண்டிருந்தது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டிய காலம் அது. ஆகவே எங்கள் குறவஞ்சிக்கு ஒலிநாடா என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. சங்கீத ரீச்சர் பாடினார். இரண்டு அக்காமார் வயலின் வாசித்தார்கள். ஊர்க் கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் ஐயா ஒருவர் வந்து அமர்ந்தார். எங்கள் நடன ரீச்சர் மேடையோரத்தில் சம்மணமிட்டு இருந்து தட்டுக்கழி பிடித்தார்.

அந்த ரீச்சர் இளமையில் சென்னை அடையாறுக்குச் சென்று கலாக்ஷேத்திராவில் படித்தவர். ஒத்திகை நடக்கும்போதெல்லாம் ருக்மிணி தேவி அம்மையாரைத் தமது வீட்டுப் பெரியவர் ஒருவரைப் போலவே குறிப்பிடுவார். அம்மையார் யார், என்ன செய்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னாளில் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டேன். சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்டபோது நோய்களைப் பற்றியே எழுதுவேன் என்று பலரும் எதிர்பார்த்திருப்பர். அதற்கு வேறு சந்தர்ப்பங்கள் உண்டு. எங்களை மேடையேற்றிய அந்தக் கலை யார் கையால் எங்களிடம் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லவே விரும்புகின்றேன்.

பிறப்பும் திருமணமும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் பிறந்தநாள் அது. தந்தையார் நீலகண்ட சாஸ்திரி அரசாங்கப் பொறியியலாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். தாயார் சேஷம்மாள் இசையில் தோய்ந்த திருவையாற்றைச் சேர்ந்தவர். தந்தையார் ஓய்வுபெற்றதும் குடும்பம் அடையாற்றில், சபையின் தலைமையகத்துக்கு அருகே குடியேறியது. அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தனர். மூத்த சகோதரர் ஸ்ரீராம் பிற்காலத்தில் அச்சபையின் தலைவரானார்.

1920ஆம் ஆண்டு, தமது 16ஆவது வயதில், ருக்மிணி ஜோர்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். காசியிலிருந்த மத்திய இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த அவர் ருக்மிணியை விட 25 வயது மூத்தவர். பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரர் ஒருவரை மணந்ததைச் சென்னைச் சமூகம் இலகுவில் மன்னிக்கவில்லை. பத்திரிகைகளிலும் வீடுகளிலும் அதுவே பேச்சாயிற்று. ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் வாழும் பழக்கத்தை அம்மையார் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டார் என்று நான் நினைப்பதுண்டு. பின்னர் அவர் எடுத்த பெரிய முடிவுகளுக்கெல்லாம் அந்தத் துணிவு தேவைப்பட்டது.

திருமணத்தின் பின் கணவருடன் உலகின் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். இலண்டனில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பாலே நடனத்தைப் பார்த்தார். 1928ஆம் ஆண்டு பாவ்லோவா பம்பாய்க்கு வந்தபோது மீண்டும் பார்த்தார். பின்னர் அவுஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. கப்பலில் மலர்ந்த நட்பினால், பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணி பாலே கற்கத் தொடங்கினார். உனது நாட்டிலேயே பெரிய நடனக்கலை இருக்கிறது, அதைத் தேடிப் பார் என்று பாவ்லோவாவே அவரைத் திசைதிருப்பியதாக அம்மையாரின் வரலாற்றை எழுதிய பலரும் குறிப்பிடுகின்றனர்.

எலும்பும் மூட்டும் படித்தவள் என்ற வகையில் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாலே ஆடுபவர் பெருவிரல் நுனியில் நின்று நிலத்தை விட்டு மேலே எழ முயல்கிறார். எங்கள் ஆட்டத்தில் அரைமண்டியில் அமர்ந்து நிலத்தை நோக்கி இறங்குகிறோம். இரண்டுக்கும் தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். இரண்டிலும் பிழையான பயிற்சி முழங்காலைக் கெடுக்கும். முதலில் பாலே கற்ற உடலோடு அரைமண்டிக்கு வந்த அம்மையார், முதுகு நேராக நிற்பதிலும் கை கால்களின் கோடுகள் தெளிவாகத் தெரிவதிலும் காட்டிய பிடிவாதம் இன்றைக்கும் கலாக்ஷேத்திரா வழி ஆட்டத்தின் அடையாளமாக இருக்கின்றது.

சதிரிலிருந்து பரதநாட்டியம்

1930களில் சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் கோயில்களிலும் திருமண வீடுகளிலும் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்களாலேயே ஆடப்பட்டது. அம்மரபில் சிறுமிகள் பட்ட துன்பத்தை முன்வைத்து, பெண் வைத்தியரும் சட்டமன்ற உறுப்பினருமான முத்துலட்சுமி ரெட்டி 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இதே அடையாற்றிலேயே புற்றுநோய் வைத்தியசாலையை நிறுவியவரும் அவர்தான். பெண்களைக் காக்க வேண்டும் என்று அவர் ஒரு பக்கம் போராட, ஆட்டம் அழிந்துவிடக்கூடாது என்று வழக்கறிஞரான ஈ. கிருஷ்ண ஐயர் மறுபக்கம் வாதாடினார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

1933ஆம் ஆண்டு சென்னைச் சங்கீத வித்வத் சபையில் கல்யாணி அம்மாளின் புதல்வியர் இருவர் ஆடிய கச்சேரிக்கு ருக்மிணி தேவியைக் கிருஷ்ண ஐயர் அழைத்துச் சென்றார். அன்று பார்த்ததை அம்மையார் மறக்கவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் முதலிற் பயின்றார். பின்னர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றார். அக்காலத்தில் 30 வயதை நெருங்கிய பெண் ஒருவர் ஆட்டம் தொடங்குவதென்பது எவரும் கேள்விப்படாத விடயம். 1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது அடையாற்றில் அவர் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் ஆடினார். அதற்கடுத்த மாதமே, 1936 ஜனவரியில், ஒரு கலைக்கழகத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் கலாக்ஷேத்திரா என்ற பெயரைப் பெற்றது.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்த இடம் நன்கு விளங்கும். எங்கள் கோயில் திருவிழாக்களிலும் சின்னமேளம் ஆடிய காலம் இருந்தது. ஆறுமுக நாவலர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். குடும்பப் பெண் சதங்கை கட்டுவது என்பது எங்கள் அம்மம்மாமாரின் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. எனக்கு நடனம் பழக்கப் போகிறார்கள் என்று அறிந்தபோது எனது அம்மம்மா இரண்டு நாட்கள் அம்மாவோடு பேசவில்லை. அவர் பயன்படுத்திய சொல்லை இங்கு எழுத விரும்பவில்லை. அதே அம்மம்மாதான் 1994இல் முன்வரிசையில் இருந்து எனது சிங்கனைப் பார்த்துச் சிரித்தார். அந்த இரண்டு தலைமுறைக்கிடையே நடந்த மாற்றத்திற்கு அடையாற்றில் ஒருவர் கால் பதித்தது ஒரு முக்கிய காரணம். அங்கு சென்று பயின்ற எங்கள் பெண்கள் திரும்பி வந்து பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எவருக்கும் இன்று தாம் செய்வது துணிவான காரியம் என்று தோன்றாது.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆட்டத்தைக் காத்து வந்த குலப் பெண்கள் மெல்ல மெல்ல மேடையிலிருந்து மறைந்தார்கள். கௌரி அம்மாளிடமே அபிநயம் பயின்ற மற்றொரு பெரும் கலைஞரான பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னே கொண்டுவந்த ருக்மிணி தேவியின் போக்கை ஏற்கவில்லை. ஆட்டத்தில் அகற்ற வேண்டிய அழுக்கு எதுவும் இருக்கவில்லை என்பது அவரது நிலைப்பாடு. அந்த வாதம் இன்றும் முடியவில்லை. எனக்கு இருவரும் பெரியவர்களே. அம்மையாரைப் போற்றும் நாங்கள், அவருக்குக் கற்பித்த கைகளையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

ஏட்டிலிருந்து மேடைக்கு

தனியாட்டத்தோடு அம்மையார் நிற்கவில்லை. பாலேயில் அவர் கண்டது ஒரு முழுக்கதையை ஒரு குழுவினர் சேர்ந்து, இசைக்குழுவின் துணையோடு, ஒளியும் உடையும் திரையும் பொருந்த ஒரே மாலையில் நிகழ்த்தும் முறை. அதை அப்படியே இங்கு கொண்டுவர அவர் நினைக்கவில்லை. எங்கள் பழைய நாடக நூல்களில் அதற்கான வித்து இருக்கிறதா என்று தேடினார். அப்படித் தேடி எடுத்த முதல் நூல் திருக்குற்றாலக் குறவஞ்சி. 1944ஆம் ஆண்டு அது கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக மேடையேறியது.

குறவஞ்சியைப் பாடியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கதை எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு மையல் கொள்கிறாள், நிலவையும் தென்றலையும் நோகிறாள், தோழியைத் தூதனுப்புகிறாள். குறத்தி சிங்கி வந்து தனது மலைவளத்தைச் சொல்லி, கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசில் பெறுகிறாள். பிறகு சிங்கன் தனது கூட்டாளி நூவனோடு பறவை பிடிக்க வந்து, சிங்கியைக் காணாமல் ஊரெல்லாம் தேடி அலைகிறான். கடைசியில் அவளைக் கண்டதும் அவள் உடம்பில் மின்னும் நகைகளைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கிறான், அவளும் விடைசொல்கிறாள்.

படிப்பதற்கு இனிய இந்த நூலை மேடைக்கு மாற்றுவது இலேசான வேலையல்ல. நூல் முழுவதையும் பாடி ஆடினால் ஒரு மாலைப்பொழுது போதாது. எதை வைப்பது, எதை விடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அச்சிட்ட நூலில் பாட்டின் மேல் இராகமும் தாளமும் குறித்திருந்தாலும், பாடும் மெட்டு அதில் இருப்பதில்லை. ஆகவே இசையைப் புதிதாக அமைக்க வேண்டும். அதற்கு டைகர் வரதாச்சாரியாரின் சகோதரரான வீணை வித்துவான் கிருஷ்ணமாச்சாரியார் துணைநின்றார். குறவஞ்சி ஆட்டத்தின் பழைய மரபை அறிந்திருந்த காரைக்கால் சாரதாம்பாள் அம்மாளின் உதவியையும் அம்மையார் பெற்றுக்கொண்டார். புதியதைச் செய்யும்போது பழையதை அறிந்தவரைத் தேடிப் போய்க் கேட்கும் இந்தப் பண்பு அவரிடம் இறுதிவரை இருந்தது.

ஆட்டத்திலும் பாத்திரங்களைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. வசந்தவல்லி பந்தாடும் இடத்தில் கவிராயரின் சந்தமே பந்தைப் போலத் துள்ளும்; அங்கு அடவுகள் நேர்த்தியாக விழ வேண்டும். சிங்கியும் சிங்கனும் மலைக்குறவர். அவர்களுடைய நடையில் காடும் மேடும் தெரிய வேண்டும். அரசகுமாரியைப் போலச் சிங்கி நடந்தால் கதை கெட்டுவிடும். எங்கள் ரீச்சர் இதற்காகவே என்னை மூன்று கிழமை மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தார். குருவியைக் கலைக்காமல் நடப்பவனின் பாதம் எப்படி நிலத்தில் படும் என்பதை நான் அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன்.

சதிர்க் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, அவர் முன்னே போனால் தாமும் முன்னே போய், பின்னே வந்தால் தாமும் பின்னே வருவது வழக்கம். அம்மையார் அவர்களை மேடையின் ஒரு பக்கத்தில் அமரவைத்தார். ஆடுகளம் முழுவதும் ஆடுபவர்களுக்கு உரியதாயிற்று. பாடுபவரின் கண்ணுக்கும் ஆடுபவர் தெளிவாகத் தெரிந்தார். மேலைநாட்டு அரங்க அனுபவமுள்ள நண்பர்களிடமிருந்து ஒளியமைப்பைக் கற்றுக்கொண்டார். உடைக்குப் பழைய கோயிற் சிற்பங்களையும் கைத்தறி நெசவையும் நாடினார். கலாக்ஷேத்திராவிலேயே தறிகளை நிறுவினார். நட்டுவனார் ஒருவர் இல்லாமற் போன நெருக்கடியில் தாமே தட்டுக்கழியைக் கையிலெடுத்தார். பிராமணப் பெண் ஒருவர் நட்டுவாங்கம் செய்வது அன்றைக்கு மற்றுமொரு அதிசயம். மேடையோரத்தில் தட்டுக்கழியுடன் அமர்ந்திருந்த எங்கள் ரீச்சர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த வழியிலேயே அமர்ந்திருந்தார்.

ஒன்றன்பின் ஒன்றாக

குறவஞ்சி மேடையேறிய மறு ஆண்டு, 1945இல், கணவர் அருண்டேல் காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது 41. துயரத்தில் முடங்கிவிடாமல் அடுத்த பணிக்குச் சென்றார். 1947இல் காளிதாசரின் குமாரசம்பவம் நாட்டிய நாடகமாயிற்று. டைகர் வரதாச்சாரியார் இசையமைத்தார். தஞ்சைக் கிராமங்களில் ஆண்கள் மட்டுமே ஆடிவந்த பாகவத மேள நாடகங்களிலிருந்து உஷா பரிணயம் போன்றவற்றை எடுத்துத் தம் மேடைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தினார். பாபநாசம் சிவன் இசையில் கண்ணப்பர் குறவஞ்சியும் வந்தது. ஆண் பாத்திரங்களின் மிடுக்குக்காகக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் முதலிய கதகளி ஆசான்களை வரவழைத்தார்.

இவற்றுள் எல்லாம் பெரியது இராமாயண வரிசை. வால்மீகியின் காவியத்தை ஆறு நாட்டிய நாடகங்களாகப் பகுத்தார். மைசூர் வாசுதேவாச்சாரியார் என்ற மூதறிஞர் அதற்கு இசையமைக்க இசைந்தார். முதல் நாடகமான சீதா சுயம்வரம் 1955இல் மேடையேறியபோது அவருக்கு வயது 90. எங்கள் வாட்டில் 90 வயது நோயாளி எழுந்து அமர்ந்தாலே நாங்கள் மகிழ்கிறோம். அந்த வயதில் அவர் ஒரு காவியத்துக்கு இசை எழுதினார். 1961இல் அவர் மறைந்தபின் பேரனார் ராஜாராம் அப்பணியைத் தொடர்ந்தார். 1970இல் மகா பட்டாபிஷேகத்துடன் வரிசை நிறைவெய்தியது. ஒரு பணிக்கு 15 ஆண்டுகள். நடுவில் இசையமைப்பாளர் மறைந்தார், ஆடியவர்கள் மாறினார்கள், நிறுவனமே அடையாற்றுச் சபையின் வளவை விட்டுத் திருவான்மியூரில் ஏறத்தாழ 100 ஏக்கர் மணற்பரப்புக்கு இடம் மாறியது. ஆனாலும் பணி நிற்கவில்லை.

இதே காலத்தில் எமது நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஒரு முயற்சி நடந்தது. தெல்லிப்பழையைச் சேர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, 1962இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அதற்குச் சில ஆண்டுகள் முன், 1956இல், சிங்களப் பேராசிரியர் சரச்சந்திர மனமே நாடகத்தைத் தந்திருந்தார். மேடைகள் வேறு, மரபுகள் வேறு. ஆனால் அண்ணாவியாரின் மத்தளமும் நட்டுவனாரின் தட்டுக்கழியும் செய்யும் வேலை ஒன்றே. ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

மேடைக்கு வெளியே

அம்மையாரின் வாழ்க்கை நடனத்தோடு முடிந்துவிடவில்லை. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் மறைந்த மறு ஆண்டு, 1943இல், அவர் சேர்த்த ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் சிதறிவிடாமல் அவர் பெயரால் அடையாற்றில் நூலகம் அமைய அம்மையாரே முன்னின்றார். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையின் ஊர்க்காரர்களான எங்களுக்கு ஏட்டுச் சுவடியின் அருமையும், நூலகம் ஒன்று எரிந்தால் என்ன இழப்பு என்பதும் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1952இல் இந்தியப் பாராளுமன்றத்தின் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு 1962 வரை உறுப்பினராக இருந்தார். அங்கு அவர் பேசியது பெரும்பாலும் வாயில்லாச் சீவன்களுக்காக. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனிநபர் பிரேரணை கொண்டுவந்தார். அதன் வழியே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. தொடர்ந்து அமைக்கப்பட்ட விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரை இந்தியாவின் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். அம்மையார் மறுத்துவிட்டார். அந்தப் பெரிய மாளிகையை விடத் திருவான்மியூர் மரநிழல் வகுப்புகள் அவருக்கு வேண்டியவையாக இருந்தன.

1986ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி, 82ஆவது பிறந்தநாளை எட்டும் தறுவாயில், அவர் காலமானார். 1993இல் இந்தியப் பாராளுமன்றம் கலாக்ஷேத்திராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கும் சட்டத்தை இயற்றியது. அதற்கு மறு ஆண்டுதான் நாங்கள் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் குறவஞ்சி ஆடினோம்.

அன்றும் இன்றும்

அந்த இரவு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். சிங்கியைத் தேடி நான் மேடையில் அலையும் கட்டத்தில் ஒரு பக்கத்துப் பெற்றோமாக்ஸ் திடீரென மங்கியது. இருட்டில் எனக்கு அடுத்த அடி மறந்துபோயிற்று. நின்றுவிட்டேன். சங்கீத ரீச்சர் என்னைப் பார்த்தார். அடுத்த அடிக்குப் போகாமல், பாடிய அடியையே திரும்பவும் எடுத்தார். வேறு சங்கதியோடு மறுபடியும் பாடினார். மிருதங்கக்கார ஐயாவும் அதற்கேற்ப மெல்ல வாசித்தபடி காத்திருந்தார். யாரோ விளக்குக்குக் காற்றடித்தார்கள். வெளிச்சம் வந்தது, எனக்கும் நினைவு வந்தது. சிங்கன் மனம் சோர்ந்து நின்றதாகவே சபையோர் நினைத்தார்கள். அம்மம்மா கூட அந்த இடம் நன்றாக இருந்தது என்றார். ஒலிநாடா ஒன்று ஓடியிருந்தால் அது என்னை விட்டுவிட்டுத் தன் பாட்டில் போயிருக்கும்.

மறு ஆண்டு, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. திரும்பி வந்தபோது பாடசாலையின் தம்புராவும் இல்லை, வயலின்களும் இல்லை, உடுப்புப் பெட்டியும் இல்லை. நான் ஜாம் போத்தல் விளக்கில் உயிரியல் படிக்கத் தொடங்கியிருந்தேன். சதங்கையைத் திரும்பக் கட்டவில்லை. ரீச்சர் சில காலம் வெறுங்கையால் மேசையைத் தட்டித் தாளம் போட்டு, தாமே பாடி, அடுத்த அணிப் பிள்ளைகளைப் பழக்கினார். நான் மருத்துவபீடத்தில் இருந்த நாட்களில் அவர் காலமானார். அன்று என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லவில்லையே என்பது இன்றும் மனதில் உண்டு.

நூற்றாண்டு விழாவில் மீண்டும் குறவஞ்சியை மேடையேற்ற எமது சங்கம் தீர்மானித்திருப்பது பெரும் மகிழ்ச்சி. ஒலிப்பதிவு செய்த இசைக்கு ஆடுவதா, பக்கவாத்தியத்தோடு ஆடுவதா என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தது. ஒலிப்பதிவு மலிவு, பிழை வராது, ஒத்திகைக்கும் இலகு. இவையெல்லாம் உண்மை. நேரடி இசைக்குக் கலைஞர்களைத் தேட வேண்டும், பல நாட்கள் அவர்களும் வர வேண்டும், செலவும் கூடும். ஆனால் பாடசாலையில் இன்று வாய்ப்பாட்டும் வயலினும் வீணையும் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் மேடையில் அமரட்டும். ஓரிடத்தில் சுருதி விலகினால் விலகட்டும். பிள்ளையின் காலைப் பார்த்துப் பாடவும், தடுமாறியவளுக்காக ஒரு அடியைத் திரும்ப எடுக்கவும் அவர்கள் பழகட்டும். அம்மையார் பாலேயையும் சதிரையும் பார்த்துத் தமது மேடையில் கட்டிக்காத்தது அந்தப் பழக்கத்தைத்தான் என்பது எனது எண்ணம்.

இழந்த வாத்தியங்களுக்கு ஈடாக, எங்கள் 1999ஆம் ஆண்டு அணியினர் சேர்ந்து ஒரு தம்புராவும் இரண்டு வயலினும் வாங்கித் தருவதாக முடிவு செய்துள்ளோம். மிருதங்கத்தை வேறொரு அணி பொறுப்பேற்றால் நலம். சிங்கனின் வலைக்கு மட்டும் கவலை வேண்டாம். அந்தப் பூப்பந்து வலை இடப்பெயர்விலும் தப்பி அம்மா வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கின்றது; விழாவுக்கு நான் கொண்டுவருவேன்.